"மூணு பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு?": வகுப்பறைக் கருவிகளுக்கு ஊரைத் துணை சேர்ப்பது எப்படி

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குளச்சல் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. கேட்டவர் அங்கே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. நான்காம் வகுப்பில் காதொலிக் கருவி போட்ட ஒரு பெண்பிள்ளை, ஆறாம் வகுப்பில் பார்வைக் குறைவுள்ள ஒரு பையன், இரண்டாம் வகுப்பில் மூளை முடக்குவாதத்தால் பேச்சு தெளியாத ஒரு சின்னவன். மூவரும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படிக்கத் தோதான கருவிகளை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இவர் ஆசை. ஊர்க்கூட்டத்தில் பேச்செடுத்தபோது ஒருவர், "மூணு பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு? பாளையங்கோட்டைக்கு அனுப்பலாமே" என்று அங்குள்ள சிறப்புப் பள்ளிகளைச் சொன்னாராம். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. மற்ற பெற்றோருக்கோ பாடம் பின்தங்கிவிடும் என்ற பயம். ஊரை எப்படி நம் பக்கம் சேர்ப்பது, பணத்துக்கு யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறார்.

பணப்பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்த்த காலத்தில், காசில்லாமல் நின்றுபோன முயற்சிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. கருவி வந்து இறங்கிய பிறகு, அதைக் கவனிக்க ஆளில்லாமல் பீரோவுக்குள் போனவைதான் நிறைய. ஆகவே ஊரிடம் நன்கொடை கேட்டுப் போகாதீர்கள், ஆளுக்கொரு சோலி கேட்டுப் போங்கள். காசு கொடுத்தவர் அன்றோடு மறந்துவிடுவார். பொறுப்பு ஏற்றவர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

அதற்கு முன், அரசு தரவேண்டியதை அரசிடமிருந்தே வாங்கிவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி எல்லாம் இலவசமாகக் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. 31-ஆம் பிரிவு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, பிள்ளைக்குப் பிடித்த இடத்தில் இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்வது அந்தக் குடும்பம். ஊர்க்கூட்டத்துக்கு அதில் ஓட்டு கிடையாது.

பாளையங்கோட்டை என்று சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் அங்கே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. தெற்கே உள்ள மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு ரொம்பக் காலம் அதுதான் ஒரே வழி. அங்கே விடுதியில் தங்கிப் படித்து, இன்று நல்ல வேலையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிகளைக் குறைத்துப் பேசி ஊரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காதொலிக் கருவியால் பேச்சு பிடிபடாத பிள்ளைக்கு எந்த விலை உயர்ந்த கருவியும் மொழியைக் கொடுக்காது. அவளுக்கு சைகை மொழி வேண்டும், அதைப் பேசுகிற கூட்டாளிகள் வேண்டும். உங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்பதை ஒலியியல் நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேற்கொண்டு திட்டம் போடுங்கள்.

சமக்ர சிக்‌ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. உங்கள் ஊர் குருந்தன்கோடு ஒன்றியத்தில் வருமென்றால் அந்த மையம்தான் உங்களுக்கு. சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வருகிறார்கள். மதிப்பீட்டு முகாம் நடத்தி, அளவெடுத்து, கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் கருவிகளை வழங்குவதும் அவர்கள் வழியாகவே நடக்கும். முகாம் தேதியை விட்டுவிட்டால் அடுத்ததற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டிவரும். அந்தத் தேதியைத் தெரிந்து வைத்துக்கொள்வதே ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய முதல் சோலி.

அரசு கொடுக்கும். ஆனால் கொடுத்ததற்கு அப்புறம் வரும் சின்னச் சின்ன வேலைகளுக்கு யாரும் கிடையாது. ஊர் வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

காதொலிக் கருவியையே எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பாலும் ஜிங்க் ஏர் என்ற சின்னப் பொத்தான் பேட்டரி. அதன் முதுகில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்ததுமே காற்று உள்ளே போய் பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பிறகு கருவியில் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். அளவைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ தாங்கும். முகாமில் கருவியோடு கொடுத்த பேட்டரிகள் தீர்ந்ததும் வீட்டில், "மெஷின் கெட்டுப் போச்சு" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். கெட்டிருக்காது, பேட்டரி தீர்ந்திருக்கும். மாதத்துக்குச் சில நூறு ரூபாய்ச் செலவு, ஆனால் அந்தச் சில நூறு ரூபாய் யாருடைய கணக்கிலும் இல்லை.

நம்ம கடற்கரைக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு: உப்புக்காற்றும் வியர்வையும். காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியிலிருந்து காதுக்குள் போகிற குழாயில் நீர்த்துளி கோத்துக்கொண்டால் சத்தம் அடைத்துவிடும். ராத்திரி கழற்றியதும் சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைக்க வேண்டும். புது செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சின்னப் பொட்டலம்தான் சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியும். அடுத்தது, காதுக்குள் பொருந்தும்படி வார்த்த காது அச்சு. வளர்கிற பிள்ளைக்குக் காதும் வளர்கிறது, அச்சு தொளதொளத்துவிடும். இடைவெளி வழியே சத்தம் வெளியே கசிந்து திரும்ப மைக்குக்குள் போய் கீச்சென்று விசில் அடிக்கும். பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொள்வாள். இதற்கு மருந்து புதுக் கருவி இல்லை, புது அச்சு. நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் அச்சு எடுத்துவர ஒருநாள் செலவழிக்கும் ஆள் வேண்டும். அப்பா தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருக்கும் வீட்டில் அம்மா தனியாக, இடுப்பில் கைப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு எத்தனை தரம் போவாள்?

இதையெல்லாம் கூட்டத்தில் வாயால் சொன்னால் எடுபடாது. ஸ்டெதோக்ளிப் என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் கழுத்தில் தொங்குவதைப் போலத்தான், முனையில் காதொலிக் கருவியை மாட்டிக் கேட்கலாம். கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்கத்தான் அது. முட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைச் சுற்றுக்கு விட்டோம். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் நின்று பாடத்தை வாசித்தார், பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். விசைப்படகு ஓட்டும் ஒருவர், அவருடைய பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை, கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதென்ன சாரே, எஞ்சின் பக்கத்துல நின்னு வயர்லெஸ் கேக்குற மாதிரியில்லா இரிக்கு. டீச்சர் சத்தத்த விட பெஞ்சு இழுக்குற சத்தம்லா பெருசா கேக்கு."

அவர் சொன்னது அப்படியே சரி. காதொலிக் கருவி எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். ஓரிரு மீட்டர் தூரத்துக்குள் பேசினால் பேச்சு தெளிவு, அதற்கு அப்பால் போனால் மின்விசிறியும் பெஞ்சும் ஆசிரியரும் ஒரே அளவு. மறுவாரம் நாலைந்து அப்பாக்கள் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக்கொண்டு வந்து பெஞ்சுக் கால்களுக்கெல்லாம் மாட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை, செலவும் இல்லை. கூட்டத்தில் அரைமணி நேரம் நான் சட்டம் பேசியிருந்தால் அந்த பெஞ்சுகளுக்கு டியூப் வந்திருக்காது.

மற்ற பெற்றோரின் "பாடம் பின்தங்கும்" பயத்துக்கும் பதில் அந்த வகுப்பறையிலேயே இருந்தது. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முன்னால் நிற்கும் மாவட்டம் நம்முடையது, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். பிள்ளையின் மார்க் என்றால் இங்கே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. அவர்களிடம் இரக்கம் பேசாமல் மழையைப் பற்றிப் பேசுங்கள். ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழையையும் வாங்குகிற ஊர் நமது. தகரக் கூரை வகுப்பில் மழை கொட்டும்போது நல்ல காதுள்ள பிள்ளைக்கும் ஆசிரியர் பேசுவது கேட்காது. ஆசிரியர் சட்டையில் மாட்டும் ஒரு மைக்கும் சுவரில் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் வைத்தால் நாற்பது பிள்ளைக்கும் பாடம் கேட்கும். காதொலிக் கருவியோடு நேரடியாக இணையும் எஃப்எம் வகை மைக் வேறு, அது அந்தப் பிள்ளைக்கு மட்டுமானது. அதை வட்டார வள மையத்தில் கேளுங்கள். பொதுவான ஒலிபெருக்கிக்குத்தான் ஊரைக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அதில் எல்லார் பிள்ளைக்கும் பங்கு உண்டு.

பார்வைக் குறைவுள்ள பையனுக்கு வருவோம். இவனுக்கு ஆகும் செலவைக் கேட்டால் ஊர் ஆச்சரியப்படும். வேண்டியதில் பாதி ஏற்கெனவே யாரோ ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் எழுத்தைப் பெரிதாக்கலாம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம், கேமராவையே உருப்பெருக்கியாக வைத்துக்கொள்ளலாம். டாக்பேக் என்ற வசதி திரையில் இருப்பதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும். எல்லாம் இலவசம். ஸ்மார்ட் போர்டு இருக்கும் பள்ளி என்றால், போர்டில் காட்டும் பக்கத்தை அவனுடைய டேப்லெட்டில் முன்னதாகவே ஏற்றிக் கொடுத்துவிட்டால் அவன் எழுந்து போய் போர்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் அடிக்கக் கூடாது, முதுகுப்பக்கமிருந்து வர வேண்டும். இதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம், பெஞ்சைத் திருப்பிப் போட்டால் போதும்.

எட்டாம் வகுப்பு முடித்ததும் அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போவான். அங்கே உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிகள் இருக்கும். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்றொரு திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கியது. இன்றுவரை காசு வாங்காமல் தருகிறார்கள், தமிழும் வாசிக்கும். இப்போதே அதைப் பழக்கிவிட்டால் அங்கே போய்த் திண்டாட மாட்டான்.

ஒரு சிக்கல் மட்டும் பெரியது. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அச்சுக்கென்று தயாரித்த தமிழ் பிடிஎஃப் கோப்பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் அது உளறும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இப்போது தமிழை நன்றாகவே படிக்கின்றன, ஆனாலும் ணகர னகரக் குழப்பமும் அட்டவணையும் கணக்கும் வரும் இடங்களை ஓர் ஆள் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். இதைவிட நல்ல ஊர்ச்சோலி கிடையாது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிக்குக் குறைவே இல்லை. சாலையோரம் புல் பிடுங்கப் போகும் பிள்ளைகளில் பத்துப் பேரை ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திருத்தித் தரக் கேளுங்கள். திட்ட அலுவலருக்கு மேலாண்மைக் குழுவின் கடிதம் ஒன்று போதும். துபாயிலும் குவைத்திலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள்கூட வார லீவில் நாலு பக்கம் திருத்தி அனுப்பலாம். பணம் அனுப்பச் சொல்வதைவிட இதற்கு ஆட்கள் சந்தோஷமாக வருவார்கள், செய்தும் பார்த்திருக்கிறேன்.

பேச்சு தெளியாத சின்னவனுக்குச் செயலியில் ஆரம்பிக்க வேண்டாம். அட்டையில் பத்துப் பதினைந்து படங்கள், லேமினேஷன் போட்டு, அவன் கை எட்டும் உயரத்தில். தண்ணி வேணும், வலிக்குது, எனக்கும் விளையாடணும், இது பிடிக்கல. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். பெரியவர்கள் தயாரிக்கும் அட்டையில் மறுப்புச் சொல்ல இடமே இருக்காது. படங்களை அவன் வீட்டிலிருந்து எடுங்கள். ஆப்பிளும் பனிமனிதனும் இருக்கும் ரெடிமேட் அட்டையால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? அவனுக்குச் சாயா, மரச்சீனி, வள்ளம், குருசடி, அக்கா பெயர் இதெல்லாம் வேண்டும். அட்டையைக் காட்டி அவன் கேட்கப் பழகிய பிறகு, தொட்டால் பேசும் செயலிக்குப் போகலாம். சென்னையில் உருவான அவாஸ் தமிழிலும் பேசும். இதில் ஊருக்கு உள்ள சோலி ஒன்றே ஒன்று: அவன் அட்டையைக் காட்டும்போது கடைக்காரர் அம்மாவைப் பார்க்காமல் அவனைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

இனி, எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டியது. அந்த மூன்று அம்மாக்களிடம் பேசினீர்களா? கேள்வியில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் கேட்கிறேன். ஊர்க்கூட்டத்துக்குப் போவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைக்குக் கருவி போடுவதிலேயே தயக்கம் இருக்கும். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசும்போது இது ஒரு பேச்சாகிவிடுமோ என்கிற வெப்ராளம். ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "பத்தாளு முன்னால எனக்க பிள்ளைய நிறுத்தித்தான் காசு வாங்கணுமா? அப்படி ஒரு மெஷினு எங்களுக்கு வேண்டாம்." அவர் சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிள்ளையின் படத்தை ஃபிளெக்ஸில் போடாதீர்கள். கருவி வழங்கும் விழா என்று மேடை போட்டு, பிள்ளையை நடுவில் நிறுத்தி, பிரமுகர்கள் ஆளுக்கொரு கை வைத்துப் போட்டோ எடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை உங்கள் பள்ளியிலாவது நிறுத்துங்கள். பிள்ளையின் சான்றிதழையும் அடையாள அட்டையையும் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் அப்படித்தான். மூன்று அம்மாக்களில் ஒருவரையாவது மேலாண்மைக் குழுவுக்குள் கொண்டுவாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள். அவருக்கு அங்கே நாற்காலி இருப்பது சலுகை ஒன்றும் இல்லை.

ஊரின் கதவு எது என்பது நம்ம மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மாறும். கடற்கரையில் கத்தோலிக்கப் பங்குப்பேரவையும், அன்பியங்கள் என்கிற சிறு குடும்பக் குழுக்களும். உள்ளே வந்தால் சிஎஸ்ஐ சேகரம், அதன் பெண்கள் சங்கம். நாஞ்சில் நாட்டுப் பக்கம் கோயில் நிர்வாகக் குழு. திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜமாஅத். எல்லா ஊரிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், "அது அவுங்க காரியம்" என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அரசுப் பள்ளி எல்லாருக்கும் பொது. அதனால் முதலில் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, அந்தத் தாளோடு எல்லா வாசலுக்கும் ஒரே வாரத்தில் போய்விடுங்கள். ஞாயிறு பூசை முடிந்து பங்குத்தந்தை ஓர் அறிவிப்புச் சொன்னால் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை மிச்சம். ஆனால் அறிவிப்பு "உதவி செய்யுங்கள்" என்று இருக்கக் கூடாது. "புதன்கிழமை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும்" என்று இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்றும் பாருங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம்: சாய்தளம், கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, வகுப்பறைக்கு மின்இணைப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். நவம்பர் 1 நம்ம மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, ஊரில் ஆள் இருக்கும். பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினர் வழியாகத்தான் போக வேண்டும்.

நேரம் பார்த்துக் கூட்டம் போடுவது பாதி வெற்றி. நம்ம மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் அதுதான். வருடம் முழுக்கக் கடலில் கிடக்கும் அப்பாக்கள் கரையில் இருப்பது அந்த இரண்டு மாதம். கன்னியாகுமரி, சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டும் குடும்பங்களை விடியற்காலையிலோ காலையிலோ கூப்பிட்டுப் பயனில்லை, மதியத்துக்கு மேல் வருவார்கள். இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லைதான், ஆனால் மாவட்டத் தலைநகரிலிருந்து கூட்டம் போடுகிறவர்களுக்கு ஓர்மை இருப்பதில்லை.

இப்போது பணம். மேலே சொன்ன சோலிகள் நடக்க ஆரம்பித்திருந்தால் அதுவே வரும். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்குக் கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது. கணக்கு வெளிப்படையாக இருக்கும், வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் நம்பிக்கை வரும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிக்கும் மனு கொடுக்கலாம். அது கட்டடத்துக்கும் பெரிய பொருளுக்கும் சரி, பேட்டரிக்கு ஆகாது. பேட்டரிக்கும் காது அச்சுக்கும் மாதாமாதம் சிறு தொகை தருகிற ஐந்தாறு பேர் போதும். ஒரே ஒரு பெரிய மனிதரை நம்பாதீர்கள். அவருக்கும் ஊருக்கும் தேர்தலில் மனஸ்தாபம் வந்தால் பிள்ளையின் காது அடைபடும்.

நன்கொடையாகப் புதிய டேப்லெட் பத்து தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு பள்ளியில் இப்படி வந்தவை உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் பூட்டிக் கிடந்தன. தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது, பிள்ளை கையில் கொடுத்து உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். இந்தப் பயத்தை மேலாண்மைக் குழுதான் போக்க முடியும். எந்தப் பொருள் எந்தப் பிள்ளையின் உபயோகத்துக்கு, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, பயன்பாட்டில் பழுதானால் யார் சரிசெய்வது, ஆசிரியர் கைக்காசு போட வேண்டியதில்லை, இவ்வளவையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், பீரோ திறக்கும்.

ஆசிரியர் மாறுதல் அடுத்த கண்ணி. கலந்தாய்வு முடிந்து, எல்லாம் தெரிந்த ஆசிரியை வேறு ஊருக்குப் போய்விட்டால் புதிதாக வருபவருக்குக் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பு வருகைப் பதிவேட்டோடு வையுங்கள்: பிள்ளை எங்கே உட்கார வேண்டும், கருவி எது, எப்படிச் சார்ஜ் போடுவது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது. அதே வகுப்பில் இரண்டு கூட்டாளிகளுக்குப் பேட்டரி மாற்றவும் டாக்பேக் போடவும் கற்றுக்கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டி, மாறுதலும் வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

மின்சாரத்தை நம்பி எல்லாவற்றையும் வைக்காதீர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். துலாமழை எனும் ஐப்பசி மழையின் இடிக்கு ஸ்மார்ட் போர்டையே கழற்றிவிடுகிற பள்ளிகள் உண்டு. அட்டைப்படம், பெரிய எழுத்துப் பிரதி, முன்பெஞ்சு, இவை எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

நீங்கள் இந்த ஜூனில் தொடங்குவதாக இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மூன்று வீடுகள். அடுத்தது வட்டார வள மையம். போகும்போது பிள்ளையின் ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், தேசிய அடையாள அட்டை அல்லது மருத்துவச் சான்று, இருந்தால் பழைய ஒலியியல் அறிக்கை, கண் மருத்துவர் எழுதியது, எல்லாவற்றிலும் இரண்டு நகல். யுடிஐடி எனும் தனித்துவ அட்டை மூவரில் யாருக்காவது இல்லையென்றால் அதற்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள், பல திட்டங்களில் அதைக் கேட்கிறார்கள். கோரிக்கையை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு அந்த நகலோடு போகலாம். ஸ்டெதோக்ளிப் ஒன்று இரவல் கிடைக்குமா என்று சிறப்புப் பயிற்றுநரிடம் அன்றே கேட்டு வையுங்கள், ஜூலைக் கூட்டத்துக்கு வேண்டும்.